பில் யார் தலையில்? அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 15 ஆண்டு வரவு செலவு

2025 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு அலுவலகங்கள் இழுத்து மூடப்பட்டன. 43 நாட்கள் கழித்து, நவம்பர் 12 அன்றுதான் திறக்க வழி பிறந்தது. அதற்கு முன் அந்நாட்டு வரலாற்றில் இத்தனை நாள் அரசு முடங்கியதில்லை. சண்டை புதிய சட்டம் எதையும் பற்றியதல்ல, பழைய சட்டம் ஒன்றில் எழுதியிருந்த காலாவதித் தேதியைப் பற்றியது. சொந்தமாக மருத்துவக் காப்பீடு வாங்குகிறவர்களுக்கு அரசு கொடுத்துவந்த கூடுதல் மானியம் 2025 டிசம்பர் 31 உடன் நின்றுவிடும் என்று 2022இல் ஜனநாயகக் கட்சியே எழுதிவைத்த தேதி அது. அதை நீட்டிக்கச் சொல்லித்தான் அதே கட்சி பட்ஜெட் மசோதாவுக்கு ஓட்டுப் போட மறுத்தது.

தானே எழுதிய தேதிக்கு எதிராகத் தானே போராடுவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஒபாமாகேர் என்று பெயர்பெற்ற 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கதையை 2009 முதல் தொடர்ந்து கவனித்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் மருத்துவச் சட்டத்தின் உருவத்தைத் தீர்மானிப்பது கொள்கை பாதி; மீதிப் பாதி இரண்டு எண்ணிக்கைகள். ஒன்று மேலவையான செனட்டில் எத்தனை ஓட்டு என்பது. மற்றொன்று, பத்தாண்டுக் கணக்கில் பற்றாக்குறை எவ்வளவு என்று காட்டப்படுகிறது என்பது.

முதலில் ஓட்டு.

செனட்டில் 100 பேர். மசோதாவை நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்கு விட 60 பேர் சம்மதிக்க வேண்டும். முடிக்க விடாமல் இழுத்தடிக்கும் இந்த உரிமைக்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். ஒபாமா பதவியேற்றபோது அவர் கட்சியிடம் 60 இல்லை. 2009 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் குடியரசுக் கட்சியிலிருந்து தாவினார். மினசோட்டாவில் வெறும் 312 ஓட்டில் வென்ற அல் ஃபிராங்கன், மறு எண்ணிக்கையும் வழக்கும் முடிந்து ஜூலையில்தான் பதவியேற்றார். ஆகஸ்ட் 25 அன்று அக்கட்சியின் மாசசூசெட்ஸ் செனட்டர் டெட் கென்னடி இறந்தார். செப்டம்பர் கடைசியில் பால் கிர்க் அந்த இடத்துக்குத் தற்காலிகமாக நியமிக்கப்பட்டார். ஆக, கட்சியோடு சேர்ந்து நின்ற இரு சுயேச்சைகளையும் கூட்டினால் 60 கைகள் முழுசாக இருந்தது சில மாதங்கள்தான்.

அதற்கு முந்தைய கோடைக்காலம் முழுக்க நிதிக்குழுத் தலைவர் மேக்ஸ் பாகஸ் மூன்று குடியரசுக் கட்சியினரையும் மூன்று ஜனநாயகக் கட்சியினரையும் ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார். அக்டோபரில் குழு ஓட்டெடுப்பில் கிடைத்தது ஒலிம்பியா ஸ்னோ என்ற ஒரே ஒரு குடியரசுக் கட்சி ஓட்டு. முழு அவைக்கு வந்தபோது அவரும் எதிர்த்தே ஓட்டளித்தார்.

60க்கு 60 வேண்டும் என்றால் அறுபது பேர் கையிலும் ஆளுக்கொரு வீட்டோ இருக்கிறது என்று பொருள். கனெக்டிகட்டின் ஜோ லீபர்மேன், அரசே நடத்தும் காப்பீட்டுத் திட்டம் இருந்தால் ஓட்டில்லை என்றார், அது போயிற்று. அதற்குப் பதிலாக 65 வயதானோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் 55 வயதிலிருந்தே பணம் கட்டிச் சேரலாம் என்ற யோசனை வந்தது. அதுவும் வேண்டாமென்றார், அதுவும் போயிற்று. நெப்ராஸ்காவின் பென் நெல்சன் அறுபதாவது ஓட்டு. தன் மாநிலத்தில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டின் விரிவாக்கச் செலவு முழுவதையும் மத்திய அரசே காலத்துக்கும் ஏற்கும் என்று ஒரு பிரிவை அவர் வாங்கிக்கொண்டார். பத்தாண்டுகளில் அதன் மதிப்பு சுமார் 10 கோடி டாலர். மொத்தச் செலவு 90,000 கோடி டாலரை ஒட்டிய ஒரு மசோதாவில் இது சில்லறைக் காசு. ஆனால் மக்கள் மனதில் பதிந்தது அந்தச் சில்லறைதான். மூன்று மாதத்தில் கட்சியே வெட்கப்பட்டு அதை நீக்கியது.

2009 டிசம்பர் 24 காலை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், 60–39 என்று செனட்டில் மசோதா நிறைவேறியது. அதன் எண் எச்.ஆர். 3590. ராணுவத்தினர் வீடு வாங்குவதற்கான வரிச்சலுகை மசோதாவாகப் கீழவையான பிரதிநிதிகள் சபையில் பிறந்தது அது. வரி சம்பந்தப்பட்ட மசோதா கீழவையில்தான் தொடங்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்வதால், அங்கே ஏற்கெனவே நிறைவேறிய ஒன்றை எடுத்து, உள்ளிருந்ததை வழித்தெறிந்துவிட்டு, மருத்துவச் சட்டத்தை அதற்குள் வைத்தார்கள். ஓடு பழசு, உள்ளே இருந்தது புதுசு. இது இரு கட்சிகளும் செய்கிற வேலைதான்.

ஜனவரி 19 அன்று, கென்னடியின் தொகுதியிலேயே குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் வென்றார். 60 என்பது 59 ஆயிற்று. வழக்கமாக இரு அவைகளும் தங்கள் மசோதாக்களை ஒப்பிட்டு ஒன்றாக்கி மீண்டும் ஓட்டுக்கு விடுவார்கள். இப்போது செனட்டுக்குத் திரும்பப் போனால் கதவு அடைத்திருக்கும். எனவே கீழவை, தனக்குப் பிடிக்காத செனட் மசோதாவை ஒரு காற்புள்ளி கூட மாற்றாமல் அப்படியே விழுங்க வேண்டியிருந்தது. 2010 மார்ச் 21 இரவு 219–212. குடியரசுக் கட்சியிலிருந்து ஓர் ஓட்டும் இல்லை. ஜனநாயகக் கட்சியில் 34 பேர் எதிர்த்தனர். விழுங்கியவர்களைச் சமாதானப்படுத்த, கூடவே ஒரு திருத்த மசோதா. அதற்குக் கையாண்ட வழி ரீகன்சிலியேஷன். நெல்சன் வாங்கிய பிரிவு நீங்கியதும் இந்தத் திருத்தத்தில்தான்.

ரீகன்சிலியேஷனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பின்னால் வரும் எல்லாமே இதில் தொங்குகிறது. 1974 பட்ஜெட் சட்டம் திறந்துவிட்ட பக்கவாசல் அது. விவாதம் 20 மணி நேரம், ஃபிலிபஸ்டர் கிடையாது, சாதாரணப் பெரும்பான்மை போதும். அதற்கு விலையாக பைர்டு விதி. ஒவ்வொரு பிரிவும் அரசின் வரவையோ செலவையோ நேரடியாகத் தொட வேண்டும். பத்தாண்டுக் கணக்குச் சட்டகம் முடிந்த பிறகு பற்றாக்குறையை ஏற்றக்கூடாது. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தைத் தொடக்கூடாது. எது தேறும், எது தேறாது என்று சொல்வது செனட்டின் விதி ஆலோசகர். 2010இல் கல்வி உதவித்தொகை பற்றிய இரண்டு சின்னப் பிரிவுகள் இந்தச் சல்லடையில் மாட்டியதால், திருத்த மசோதா கீழவைக்குத் திரும்பி 220–207 என்று மறுபடி நிறைவேற வேண்டியதாயிற்று.

இந்தச் சல்லடை இரு பக்கமும் வேலை செய்யும். ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டிக் காப்பீடு மறுக்கக்கூடாது, முதியவரிடம் இளைஞரைவிட மூன்று மடங்குக்கு மேல் பிரீமியம் வாங்கக்கூடாது என்பவை சந்தை விதிகள், பட்ஜெட் விஷயமல்ல. 60 ஓட்டு இல்லாமல் அவற்றைக் கொண்டுவரவும் முடியாது, சுத்தமாகக் களையவும் முடியாது. 2017இல் குடியரசுக் கட்சி வெள்ளை மாளிகையையும் இரு அவைகளையும் கையில் வைத்துக்கொண்டு சட்டத்தை ஒழிக்கப் புறப்பட்டபோது இந்தச் சுவரில்தான் முதலில் முட்டியது. கடைசியில் ஜூலை 28 நள்ளிரவு தாண்டி, இளைத்துப்போன ஒரு வடிவம் 49–51 என்று தோற்றது. ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி மூவரும் சொந்தக் கட்சியை எதிர்த்தார்கள்.

இனி பணம்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம், சுருக்கமாக சிபிஓ, ஒவ்வொரு பெரிய மசோதாவுக்கும் பத்தாண்டுக் கணக்கு போட்டுத் தரும். கட்சி சார்பற்ற அலுவலகம். 1994இல் அதிபர் கிளிண்டனின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மக்கள் கட்டும் பிரீமியத்தையும் அரசின் வரவுசெலவாகவே காட்ட வேண்டும் என்று அது சொன்னது அத்திட்டத்துக்கு விழுந்த பெரிய அடிகளில் ஒன்று. அந்தச் சூடு ஒபாமா ஆட்களுக்கு நினைவிருந்தது. பற்றாக்குறையை ஒரு காசு கூட ஏற்றும் திட்டத்தில் கையெழுத்திட மாட்டேன் என்று 2009 செப்டம்பரில் ஒபாமா காங்கிரஸில் நின்று அறிவித்தார். அன்றிலிருந்து சட்டம் எழுதியவர்களுக்கு சிபிஓ போடும் மதிப்பெண்ணே முதல் வாசகர்.

2010 மார்ச்சில் வந்த இறுதிக் கணக்கு இது: மக்களைக் காப்பீட்டுக்குள் கொண்டுவர 2019 வரை மொத்தச் செலவு 93,800 கோடி டாலர். கூடுதலாகக் காப்பீடு பெறுபவர்கள் 3.2 கோடி. எல்லா வரவையும் கழித்தபின் பற்றாக்குறை ஏறாது. 14,300 கோடி குறையும்.

வரவு எங்கிருந்து? பெரிய துண்டு மெடிகேரிலிருந்து. மருத்துவமனைகளுக்கும் பிறருக்கும் ஆண்டுதோறும் உயர்த்தித் தரும் கட்டணத்தின் வேகத்தைக் குறைத்ததில் சுமார் 19,600 கோடி. முதியோருக்குத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களுக்கு, அரசின் நேரடி மெடிகேரைவிட ஆளுக்கு ஏறத்தாழ 14 சதவீதம் அதிகம் கொடுத்துவந்தார்கள். அதை வெட்டியதில் சுமார் 13,600 கோடி. அடுத்து, தனிநபருக்கு 2 லட்சம், தம்பதிக்கு 2.5 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம் சம்பளத்தில் 0.9 சதவீதமும் முதலீட்டு வருமானத்தில் 3.8 சதவீதமும்: 21,000 கோடி. பிறகு தொழில்களின் பங்கு: காப்பீட்டு நிறுவனங்கள் 6,000 கோடி, மருந்து நிறுவனங்கள் 2,700 கோடி, மருத்துவக் கருவிகள் மீது 2.3 சதவீத வரி வழியாக 2,000 கோடி. செயற்கை ஒளியில் தோலைக் கறுக்கவைக்கும் கடைகளுக்குக்கூட 10 சதவீத வரி போட்டார்கள். வெள்ளைத்தோலைக் கறுப்பாக்கக் காசு கொடுப்பவர்கள் நாட்டின் மருத்துவச் செலவுக்கும் கொஞ்சம் கொடுக்கட்டும் என்று நினைத்தார்கள் போலும்.

பொருளாதார அறிஞர்கள் மிகவும் விரும்பிய துண்டு ‘கேடிலாக் வரி’. அமெரிக்காவில் கம்பெனி கட்டும் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஊழியருக்கு வருமான வரி கிடையாது; அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் பெரும்பாலோர் அனுபவிக்கும் சலுகைதான். இது செலவை ஊதிப்பெருக்குகிறது என்பதால், ஒரு வரம்புக்கு மேற்பட்ட ஆடம்பரத் திட்டங்களுக்கு 40 சதவீதம் வரி. செனட் எழுதியபடி 2013இல் தொடங்கி 14,900 கோடி தந்திருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் கொதித்தன. அவர்கள் சம்பள உயர்வை விட்டுக்கொடுத்துப் பெற்ற திட்டங்கள் அவை. வரம்பை உயர்த்தி, தேதியை 2018க்குத் தள்ளியதும் வரவு 3,200 கோடியாகச் சுருங்கியது.

இந்தக் கணக்கின் மேல் குடியரசுக் கட்சி நான்கு குற்றச்சாட்டுகள் வைத்தது. எல்லாம் ஒரே தரமல்ல.

பத்தாண்டு வரி, ஆறாண்டுச் செலவு என்பது முதலாவது. உண்மைதான். வரிகளும் வெட்டுகளும் முன்னால் தொடங்க, மானியம் 2014இல்தான் தொடங்கியது. ஆனால் இரண்டாவது பத்தாண்டிலும் பற்றாக்குறை குறையும் என்றே சிபிஓ சொன்னதால் குற்றச்சாட்டின் கூர் மழுங்கியது. இரண்டாவது, கிளாஸ் எனப்பட்ட நீண்டகாலப் பராமரிப்புத் திட்டம். ஐந்து ஆண்டுகள் பிரீமியம் கட்டிய பிறகே பலன் என்பதால் முதல் பத்தாண்டில் வரவு மட்டும் கொட்டும்: 7,000 கோடி. அதாவது காட்டிய 14,300 கோடி மிச்சத்தில் ஏறக்குறைய பாதி. இதை, புதிதாகச் சேர்பவர் பணத்தில் பழையவருக்குக் கொடுக்கும் பொன்ஸி மோசடி என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் ஜனநாயகக் கட்சியின் பட்ஜெட் குழுத் தலைவர் கென்ட் கான்ராட். 2011 அக்டோபரில் இது நடக்காது என்று ஒபாமா நிர்வாகமே கைவிட்டது. 2013 ஜனவரியில் சட்டத்திலிருந்தே நீக்கப்பட்டது. இதில் குற்றம் சாட்டியவர்கள் சொன்னதே முழுக்கச் சரி.

மூன்றாவது, டாக்டர்களின் கட்டணம். 1997 சட்டத்தில் இருந்த ஒரு சூத்திரப்படி மெடிகேர் டாக்டர் கட்டணம் ஆண்டுதோறும் சரிய வேண்டும். ஆண்டுதோறும் காங்கிரஸ் அதைத் தள்ளிப்போட்டது. நிரந்தரமாகச் சரிசெய்ய 20,800 கோடி ஆகும். அதைச் சேர்க்காமல் வெளியே வைத்துவிட்டு மிச்சம் காட்டுகிறார்கள் என்றார்கள். ஜனநாயகக் கட்சியின் பதில்: அது பழைய கடன், எங்கள் சட்டத்தால் வந்ததல்ல. இரண்டும் சரிதான். 2015இல் இரு கட்சியும் கைகோத்து, கீழவையில் 392–37, செனட்டில் 92–8 என்று அதைத் தீர்த்தன. அந்தச் செலவின் பெரும்பகுதிக்கு எந்த வரவும் காட்டவில்லை. அன்று யாரும் கூச்சல் போடவுமில்லை.

நான்காவது, மெடிகேரில் மிச்சமாகும் அதே டாலரை மெடிகேர் நிதியின் ஆயுளைக் கூட்டவும் புதிய மானியத்துக்கும் இரண்டு முறை எண்ணுகிறார்கள் என்பது. நிதியின் ஏட்டில் அது கடன் பத்திரமாக ஏறும், கையிலுள்ள காசு மானியத்துக்குப் போகும். ஆக, விமர்சனத்தில் விஷயம் உண்டு. ஆனால் 2012 தேர்தலில் ‘ஒபாமா மெடிகேரில் 71,600 கோடியை வெட்டினார்’ என்று முழங்கியவர்களின் துணை அதிபர் வேட்பாளர் பால் ரயன் தன் பட்ஜெட் திட்டங்களில் அந்த வெட்டுகளை அப்படியே வைத்திருந்தார்.

குடியரசுக் கட்சியின் சொந்தக் கணக்கும் சுத்தமல்ல. 2003இல் முதியோருக்கு மருந்துக் காப்பீடு தரும் மெடிகேர் பார்ட் டி சட்டத்தை ஜார்ஜ் புஷ் காலத்தில் அவர்கள்தான் நிறைவேற்றினார்கள். கீழவையில் அதிகாலை மூன்று மணிவாக்கில் தொடங்கிய ஓட்டெடுப்பை, தோற்றுக்கொண்டிருந்ததால், ஏறக்குறைய மூன்று மணி நேரம் முடிக்காமல் திறந்தே வைத்து, ஆட்களைப் பிடித்து மனதை மாற்றி 220–215 என்று வென்றார்கள். காட்டிய செலவு 39,500 கோடி டாலர். மெடிகேரின் தலைமைக் கணக்காளர் ரிச்சர்டு ஃபாஸ்டர் போட்ட கணக்கு 53,400 கோடி. ஓட்டெடுப்புக்கு முன் அதைக் காங்கிரஸுக்குத் தர அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. இந்தச் செலவுக்கு ஈடாக வரியும் இல்லை, வெட்டும் இல்லை. நேராகக் கடன்.

எல்லோரும் காப்பீடு வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் வலதுசாரிப் பட்டறையில் உருவானதுதான். ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் 1989இல் முன்வைத்தது. 1993இல் குடியரசுக் கட்சியின் ஜான் சேஃபி மசோதாவில் இருந்தது. 2006இல் மாசசூசெட்ஸில் அதே கட்சியின் ஆளுநர் மிட் ராம்னி சட்டமாக்கினார். 2010இல் ஜனநாயகக் கட்சி எடுத்துக்கொண்டதும் அது சுதந்திரத்துக்கு விரோதமாயிற்று.

கட்டாயம் ஏன் தேவை? திட்டம் ஒரு முக்காலி. நோயாளியை மறுக்கக்கூடாது என்பது ஒரு கால். அந்த ஒரு கால் மட்டும் இருந்தால் ஆரோக்கியமானவர் சேராமல் இருந்துவிட்டு, நோய் வந்தபின் சேருவார். உள்ளே இருப்பவர்களெல்லாம் நோயாளிகள் என்றால் பிரீமியம் ஏறும். ஏறினால் இன்னும் சிலர் கழலுவார்கள். அதனால் சேராவிட்டால் அபராதம் என்பது இரண்டாம் கால். கட்ட முடியாதவரிடம் அபராதம் வாங்க முடியாதே. அதனால் மானியம் மூன்றாம் கால்.

2017 டிசம்பரில் வரிச் சட்டத்தின் வழியாக அபராதத்தைப் பூஜ்யமாக்கினார்கள். இதில் ஒரு விசித்திரம். அபராதத்தை நீக்கினால் அரசுக்கு வரவு குறையத்தானே வேண்டும்? சிபிஓ கணக்கில் பத்தாண்டில் 33,800 கோடி டாலர் மிச்சம் வந்தது. அபராதம் இல்லையென்றால் 1.3 கோடிப் பேர் காப்பீட்டை விட்டுவிடுவார்கள், அவர்களுக்கான மானியமும் மெடிகெய்டும் மிச்சம் என்பது கணக்கு. அந்த மிச்சம் வரிக்குறைப்புக்கு உதவியது. முக்காலியோ விழவில்லை. மானியம் பெறுபவருக்குப் பிரீமியம் எவ்வளவு ஏறினாலும் அவர் கட்டுவது வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று வரம்பு இருப்பதால், மூன்றாம் கால் தனியாகவே தாங்கிக்கொண்டது. ஆளை உள்ளே இழுத்தது தடியா வெல்லமா என்ற கேள்விக்கு வெல்லம்தான் என்று பதில் வந்தது. அதன் விலை அரசின் கணக்கில் ஏறியது.

வரவுத் துண்டுகள் ஒவ்வொன்றாக எப்படிக் கழன்றன என்று பார்த்தால் கட்சிப் பிளவு என்ற சொல்லே கொஞ்சம் ஆட்டம் காணும். 600 டாலருக்கு மேல் யாரிடம் எதை வாங்கினாலும் வணிகர்கள் வரி அலுவலகத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டும் என்றொரு பிரிவு 1,700 கோடி தருவதாக இருந்தது. சிறு வணிகர்கள் அலறியதும் 2011இல் இரு கட்சியும் நீக்கின. ஈடு கட்டியது யார்? வருமானத்தைக் குறைத்து மதிப்பிட்டு அதிக மானியம் பெற்றுவிட்டவர்கள் திருப்பிக் கட்ட வேண்டிய தொகையின் உச்சவரம்பை உயர்த்தினார்கள். கடைக்காரர் தலையிலிருந்து இறக்கி மானியம் வாங்குபவர் தலையில் வைத்தார்கள். மெடிகேர் செலவு எல்லை மீறினால் வெட்டச் சொல்லும் 15 பேர் வாரியத்துக்கு ஓர் உறுப்பினர்கூட நியமிக்கப்படாமலே 2018இல் அது கலைந்தது. மருத்துவக் கருவி வரியை நீக்கச் சொல்லி 2013லேயே செனட்டில் 79 பேர் ஓட்டளித்தார்கள். அந்தத் தொழிற்சாலைகள் நிறைந்த மினசோட்டாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் அதில் முன்வரிசை. கேடிலாக் வரி 2018இலிருந்து 2020க்கும், பிறகு 2022க்கும் தள்ளிப்போனது. 2019 ஜூலையில் கீழவை அதை ஒழிக்க 419–6 என்று ஓட்டளித்தது. அந்த டிசம்பரில் கருவி வரி, காப்பீட்டு நிறுவனக் கட்டணம், கேடிலாக் வரி மூன்றும் ஒரே செலவின மசோதாவில் நிரந்தரமாக ஒழிந்தன. ஒரு நாள்கூட வசூலாகாமலே கேடிலாக் வரி செத்தது.

நின்றவை எவை? பணக்காரர் மீதான 0.9, 3.8 சதவீதங்கள் நின்றன. அந்த 2 லட்சம், 2.5 லட்சம் வரம்பு விலைவாசியோடு உயராதபடி எழுதப்பட்டதால், ஆண்டுக்காண்டு புதிதாகச் சிலர் தானாகவே அதற்குள் வந்துவிழுகிறார்கள். வரியை ஏற்ற யாரும் ஓட்டளிக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக் கட்டண வெட்டும் நின்றது. காப்பீடில்லாத நோயாளியால் வரும் வாராக்கடன் குறையும் என்ற கணக்கில் மருத்துவமனைகள் முதலிலேயே ஒத்துக்கொண்ட பேரம் அது.

அந்தப் பேரத்தைக் கலைத்தது உச்ச நீதிமன்றம். வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் மெடிகெய்ட் என்பது சட்டம். புதிதாகச் சேர்பவர்களுக்கான செலவை 2014 முதல் மூன்று ஆண்டு முழுவதுமாகவும், படிப்படியாகக் குறைந்து 2020 முதல் 90 சதவீதமும் மத்திய அரசு தரும். சேராத மாநிலம் பழைய மெடிகெய்ட் பணத்தையும் இழக்கும் என்ற நிபந்தனை வற்புறுத்தல் என்று 2012 ஜூனில் 7–2 என்று தீர்ப்பு. மாநிலங்கள் விரும்பினால் சேரலாம் என்றாயிற்று. பத்து மாநிலங்கள் இன்னும் சேரவில்லை. டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா அவற்றில் பெரியவை. எல்லா மாநிலமும் சேரும் என்று நினைத்து எழுதியதால் சொந்தமாகக் காப்பீடு வாங்குபவர்களுக்கான அரசுச் சந்தையில் தரும் மானியம் வறுமைக்கோட்டிலிருந்து, அதாவது 2025 கணக்கில் தனிநபருக்கு 15,650 டாலரிலிருந்து, தொடங்குகிறது. விளைவு: டெக்சாஸில் பிள்ளைகள் இல்லாத ஒருவர் ஆண்டுக்கு 16,000 சம்பாதித்தால் மானியம் உண்டு. 14,000 சம்பாதித்தால் மெடிகெய்டும் இல்லை, மானியமும் இல்லை. ஏழையாக இருப்பதால் உதவி இல்லை.

மேல் முனையிலும் இப்படியொரு பள்ளம் இருந்தது. 2010 சட்டப்படி வறுமைக்கோட்டின் 400 சதவீதத்தோடு மானியம் சட்டென்று நின்றுவிடும். 2021இல் கோவிட் நிவாரணச் சட்டம் அதைத் தூர்த்தது: யாராக இருந்தாலும் அளவுகோலாக வைத்த ‘வெள்ளி’ என்ற நடுத்தரத் திட்டத்துக்கு வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம். 150 சதவீதம் வரை இருப்பவர்கள் எதுவுமே கட்ட வேண்டாம். 2022இல் துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டோடு 51–50 என்று நிறைவேறிய சட்டம் அதை 2025 கடைசி வரை நீட்டித்தது. இரண்டுமே ரீகன்சிலியேஷன். சந்தையில் சேர்ந்தவர்கள் 2021இல் 1.2 கோடியாக இருந்து 2025இல் 2.4 கோடியைத் தாண்டினார்கள்.

நிரந்தரமாகவே எழுதியிருக்கலாமே? நிரந்தரமாக்கினால் பத்தாண்டுச் செலவு முழுவதும் கணக்கில் ஏறும். அத்தனைக்கும் வரவு காட்டினால்தான் ஐம்பதாவது ஓட்டு கிடைக்கும். மூன்றாண்டுக்கு மட்டும் எழுதினால் மூன்றாண்டுச் செலவுதான் தெரியும். காலாவதித் தேதி பிறந்த கதை அதுதான்.

தேதி வந்ததும் என்னாயிற்று என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 60 வயது, தனி ஆள், அவர் ஊரில் அளவுகோல் திட்டத்தின் பிரீமியம் மாதம் 1,100 டாலர், ஆண்டுக்கு 13,200 என்று வைத்துக்கொள்வோம். 2026க்கு 400 சதவீதம் என்பது 62,600 டாலர். அவர் 62,000 சம்பாதித்தால் பழைய விதிப்படி வருமானத்தில் 9.96 சதவீதம், அதாவது ஏறத்தாழ 6,175 கட்டுவார். 63,000 சம்பாதித்தால் மானியமே இல்லை; 13,200 முழுவதும் அவர் பாடு. ஆயிரம் டாலர் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு ஏழாயிரம் கூடுதல் பில். கூடுதல் மானியம் இருந்தவரை அதே 63,000க்கு 5,355 தான். வருமானம் முன்கூட்டித் தெரியாத சிறு கடைக்காரர்கள், விவசாயிகள், 65 வயது மெடிகேருக்குக் காத்திருப்பவர்கள்தான் இந்த விளிம்பில் நிற்பவர்கள். டிசம்பரில் வரும் ஒரு எதிர்பாராத ஆர்டர் அவர்களைப் பள்ளத்தில் தள்ளிவிடும். முன்பணமாக வாங்கிய மானியத்தைத் திருப்பித் தருவதற்கு இருந்த உச்சவரம்பும் 2026 முதல் கிடையாது.

குடியரசுக் கட்சியின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பெருந்தொற்றுக் காலத்துக்கென்று கொடுத்தது. பணம் நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது. பிரீமியமே இல்லாத திட்டத்தில் தரகர்கள் ஆளுக்குத் தெரியாமலே ஆளைச் சேர்த்துக் கமிஷன் வாங்கியதாகப் புகார்கள் குவிந்தன. நிரந்தரமாக்க 35,000 கோடி ஆகும் என்றது சிபிஓ. 38 லட்சம் பேர் கூடுதலாகக் காப்பீட்டில் இருப்பார்கள் என்றும் சேர்த்தே சொன்னது. 2025 டிசம்பர் 11 அன்று செனட்டில் மூன்றாண்டு நீட்டிப்பு 51–48 என்று தடைபட்டது. பெரும்பான்மை உண்டு, 60 இல்லை. மானியம் காலாவதியானது.

அதே ஆண்டு ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டத்தில், 2017 வரிக்குறைப்பை நீட்டிப்பதற்கான 3.8 லட்சம் கோடி டாலரைச் செனட்டில் செலவென்றே எண்ணவில்லை. ஏற்கெனவே நடப்பில் இருக்கும் கொள்கையைத் தொடர்வதுதானே, அது எப்படிப் புதுச் செலவாகும் என்றார்கள். வழக்கமான கணக்கில் அந்தச் சட்டம் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி ஏற்றுகிறது என்றது சிபிஓ. நடப்பில் இருந்த மானியத்துக்கு மட்டும் அந்த அளவுகோல் பொருந்தவில்லை.

அந்தச் சட்டத்தில் மெடிகெய்டுக்கு விழுந்த வெட்டு பெரிது. 2034க்குள் காப்பீடு இல்லாதவர்கள் ஒரு கோடி கூடுவார்கள் என்பது மதிப்பீடு. அதில் வெளியே அதிகம் பேசப்படாதது மருத்துவமனை வரி. மாநிலம் தன் மருத்துவமனைகளிடம் வருவாயில் 6 சதவீதம் வரை வரி வாங்கும். அந்தப் பணத்தை மெடிகெய்டில் தன் பங்காகக் காட்டும். அதற்கு ஈடாக மத்திய அரசு தன் பங்கை அனுப்பும். இரண்டையும் சேர்த்து மாநிலம் அதே மருத்துவமனைகளுக்கு உயர்த்திய கட்டணமாகத் திருப்பித் தரும். மருத்துவமனை கட்டியதைவிட அதிகம் வாங்கும், மாநிலத்துக்குக் கையைக் கடிக்காது, பில் வாஷிங்டனுக்கு. அலாஸ்கா தவிர எல்லா மாநிலமும், எந்தக் கட்சி ஆண்டாலும், ஏதோ ஒரு வடிவில் இதைச் செய்கிறது. விரிவாக்கத்தில் சேர்ந்த மாநிலங்களில் இந்த 6 சதவீத வரம்பு 2028 நிதியாண்டு முதல் ஆண்டுக்கு அரை சதவீதமாக இறங்கி 2032இல் 3.5 ஆகும். கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்படும் என்று சொந்தக் கட்சி செனட்டர்களே பயந்ததால் 5,000 கோடி டாலர் கிராமப்புற நிதி சேர்க்கப்பட்டது. அது ஐந்தாண்டுக்கு மட்டும், 2030 வரை. வரம்பு அடிமட்டத்தைத் தொடும் ஆண்டில் அந்த நிதி இருக்காது.

விரிவாக்கத்தின் கீழ் மெடிகெய்ட் பெறும் பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ காட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் போட்ட நிபந்தனை மாநிலங்களில் நடைமுறைக்கு வர வேண்டிய கடைசித் தேதி 2027 ஜனவரி 1. அதற்கு எட்டு வாரம் முன்பு, 2026 நவம்பர் 3 அன்று, இடைத்தவணைத் தேர்தல். அதே சட்டத்தில் இருந்த, வாடிக்கையாளர் தரும் டிப்ஸுக்கான வரிச்சலுகையோ 2025 வருமானத்துக்கே கிடைத்துவிட்டது. அதற்கும் ஒரு காலாவதித் தேதி உண்டு: 2028.